தேக்குக் கப்பலில் குட்டிப் பையன்

இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் எச்எம்எஸ் டிரின்கமலி போர்க்கப்பலைப் பார்த்தோம். நம்ம திருகோணமலையின் பெயர்தான். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டியது, இன்னும் மிதக்கிறது! ஓக் மரமாக இருந்தால் இத்தனை காலம் தாங்கியிருக்குமா, சந்தேகம்தான்.

தள்ளுவண்டியை விட்டுவிட்டு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு செங்குத்துப் படியில் இறங்கினேன். கீழ்த்தளத்தில் உத்தரங்கள் அவ்வளவு தாழ்வு. நாங்கள் எல்லாரும் குனிந்தே நடக்க, அவன் மட்டும் ராஜா மாதிரி நிமிர்ந்து ஓடினான். ஒவ்வொரு பீரங்கியையும் தட்டி "டூம்" சொல்லாமல் நகரமாட்டேன் என்கிறான். மாலுமிகளின் கான்வாஸ் தூளியைப் பார்த்ததும் அதில் ஏறிப் படுக்கணும் என்று ஒரே அழுகை. வீட்டில் தூங்கச் சொன்னால் மட்டும் ஆகாது! அப்புறம் பிஸ்கட் காட்டித்தான் கரைக்கு இழுத்து வந்தோம்.