வரும்போது மட்டும் ஒன்றரை மணி நேரம்

அக்கா வீட்டுக்கு டிக்கெட் போட்டது தப்பில்லை. அதைப் பிரிண்ட் எடுத்து அப்பா கையில் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முகூர்த்தம் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் பேனா கேட்டார். அவர் பேனா கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் பக்கத்தில் நிற்க மாட்டோம்.

"சென்னையில ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு ஏறி, சிங்கப்பூர்ல காலைல ஆறேகாலுக்கு இறங்கறோம். ஆறரை மணி நேரம். வரும்போது எட்டு மணிக்கு ஏறி ஒன்பதரைக்கு இறங்கறோம். ஒன்றரை மணி நேரம். என்னடா, இறக்கமா?"

"ரெண்டுமே நாலு மணி நேரம்தாம்ப்பா. 2,900 கிலோமீட்டர் சுமார். அவங்க கடிகாரம் நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது."

மூன்று தடவை விளக்கினேன். மூன்றாவது தடவைக்கு எலுமிச்சம்பழமும் டார்ச்சும் தேவைப்பட்டன. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி. ஒன்றரை மணி நேரத்துக்கும் அதே காசா?" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்பு சொன்னாள்: போகும்போது வடகம், ஊறுகாய், பருப்புப்பொடி என்று பாரம், வரும்போது பெட்டி காலி, சீக்கிரம் வந்துவிடும். பச்சைப் பொய். போன தடவை தெருவில் ஆளுக்கொரு கோடாலித் தைலம் வாங்கி வந்தவள் இவள். அன்றைக்கு மீனம்பாக்கத்துக்கே மூக்கடைப்பு விட்டிருக்கும்.

இதற்குள் பெரியப்பா ஈஸிசேரிலிருந்து நிமிர்ந்துவிட்டார். "ரெண்டரை இல்ல, ரெண்டு. எனக்கே சொல்றியா?" 1971-இல் ரஜூலா கப்பலில் போனவர். ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே கடலைத் தாண்டியதால், அந்தத் தூரத்தைப் பற்றிப் பேச உலகத்தில் தனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைப்பு. விமானத்தில் போகிறவர்கள் எல்லாம் அவர் கணக்கில் போனவர்களே இல்லை.

விடுவேனா? போனை எடுத்துத் தேடினேன். பார்த்தால், அவர் சொன்னது சரி. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் நம்மைவிட இரண்டே மணி நேரம்தான் முன்னால். தன் தீபகற்பப் பகுதிக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் ஒரே நேரம் இருக்கட்டும் என்று மலேசியா கடிகாரத்தை அரை மணி தள்ளி வைக்க, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் கூடவே தள்ளி வைத்துக்கொண்டது. அங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று அக்கா சொல்வதை, எழுந்திருக்கச் சோம்பல் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோம்.

உரக்க வாசித்துக் காட்டினேன். இனி ஒரு மாதத்துக்கு இதையே சொல்லிக் காட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தால், பெரியப்பா ஒன்றுமே சொல்லவில்லை.

"நான் எண்பதுல வந்துட்டேன்" என்றார் கொஞ்சம் பொறுத்து. "அப்போ நான் வந்தப்புறம் மாத்திட்டானுங்களா?" குடியிருந்த வீட்டில் யாரோ சொல்லாமல் கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது குரல்.

அப்பா தாளை மடித்தார். "நீயும் வாயேன்ண்ணே. ஒரு நடை பாத்துட்டு வரலாம்."

"இடுப்பு தாங்காதுடா. எவ்ளோ நேரம் உக்காரணும்?"

"நாலே மணி நேரம்தாண்ணே" என்றார் அப்பா, என்னைத் திரும்பியும் பார்க்காமல்.