கோகீலில் ஒரு சூடான திண்ணை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் கடற்கரைப் பக்கத்தில் இருப்பது மழைக் குளிர். வெப்பமானி 5 டிகிரி என்றுதான் காட்டும். ஆனால் ஈரம் எலும்பு வரை இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு ஜனவரியில் நானும் மனைவியும் போர்ட்லாண்டிலிருந்து ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே கிளம்பினோம். விறகால் வீட்டைச் சூடாக்கும் ராக்கெட் மாஸ் ஹீட்டரை, அது எரிய வேண்டிய பருவத்திலேயே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வழியில் காட்டேஜ் குரோவ். கூரை போட்ட மரப்பாலங்களுக்குப் பெயர்போன சிற்றூர். இந்த ஊர்ப் பக்கம் இயங்கிய அப்ரொவெச்சோ ஆய்வு மையத்தில்தான் லாரி வினியார்ஸ்கி 1980களில் ராக்கெட் அடுப்பை உருவாக்கினார். புகையில் கண் எரியச் சமைக்கும் பெண்களுக்காக, கொஞ்சம் சுள்ளியிலேயே நன்றாக எரியும் அடுப்பு. அதை வீட்டைச் சூடாக்கும் அமைப்பாக வளர்த்ததில் பெரும்பங்கு இயான்டோ எவன்ஸுக்கு. அவரும் நண்பர்களும் தொடங்கிய, மண்வீடு கட்டக் கற்றுத்தரும் காப் காட்டேஜ் கம்பெனி பிறகு கோகீல் என்ற சிற்றூரில் நிலைகொண்டது.

ரோஸ்பர்க் அருகே 42ஆம் சாலையில் மேற்கே திரும்பினால் மலை, டக்ளஸ் ஃபர் காடு, மழை. கோகீலுக்கு வெளியே ஒரு குடும்பத்தின் மண்வீட்டில் தங்கினோம். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்து எழுப்பிய சுவர்கள். கூடத்தில் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம் ஒன்று. அதிலிருந்து கிளம்பி சுவரோரமாக நீளும் மண் திண்ணை. அடுப்பு என்று சொன்னால்தான் தெரியும்.

வீட்டுக்கார அம்மா மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை ஒரு செங்கல் குழிக்குள் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்தார். தீ மேலே எழவில்லை. கீழ்நோக்கி இழுபட்டு, பக்கவாட்டில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் "கும்ம்" என்று ஓர் உறுமல். அந்தச் சத்தத்தால்தான் ராக்கெட் என்று பெயர் வந்ததாகச் சொன்னார்.

டிரம்முக்குள் வெப்பம் வெளியேறாதபடி காப்பிட்ட ஒரு செங்குத்துக் குழல் நிற்கிறது. சூடான வாயு அதற்குள் வேகமாக ஏறுவதால்தான் குழியிலிருந்து தீ இழுபடுகிறது. சாதாரண விறகடுப்பை அடக்கி எரிக்கும்போது புகையாக வீணாகும் வாயுக்கள், இங்கே அந்தக் கடும் வெப்பத்தில் தாங்களும் எரிந்துவிடுகின்றன. மேலே முட்டித் திரும்பும் வாயு டிரம்மைச் சூடாக்கிக்கொண்டே கீழே இறங்கி, திண்ணைக்குள் புதைத்த நீண்ட குழாய் வழியாகப் போகிறது. டன் கணக்கான மண்ணும் கல்லும் அந்த வெப்பத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தேன். மழையில் லேசான நீராவி மட்டும். வாயருகே கையை நீட்டினால் இதமான சூடுதான். திறந்த கணப்பில் பாதிக்கு மேல் வானத்துக்குப் போய்விடும் வெப்பம், இங்கே வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

டிரம் உடனே அனல் வீசியது. அதன் தலையிலேயே கெட்டிலை வைத்துத் தேநீர் போட்டார்கள். திண்ணை சூடாக நேரம் பிடித்தது. மாலையில் சில மணி நேரம் எரித்து நிறுத்திவிட்டார்கள். ராத்திரியில் யாரும் எழுந்து விறகு போடவில்லை. காலையில் மெத்தை விரித்த திண்ணையில் உட்கார்ந்தால் முதுகுக்கும் தொடைக்கும் சுகமான கதகதப்பு. அறைக்காற்று அவ்வளவு சூடாக இல்லை, ஆனாலும் குளிரவில்லை. உடம்பு தொடும் இடத்தைச் சூடாக்கினால் வீடு முழுக்கக் காற்றைக் காய்ச்ச வேண்டியதில்லை என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

எல்லா வீட்டுக்கும் இது சரிவராது. அந்தப் பாரத்தை மரத்தளம் தாங்காது. அடியில் அஸ்திவாரம் வேண்டும். எரியும்போது பக்கத்தில் ஆள் இருந்து அடிக்கடி சுள்ளி தள்ள வேண்டும். குழாயில் படியும் சாம்பலை வாரி எடுக்க மூடிகள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தந்த வீட்டிலேயே கட்டுவதால், கட்டட அனுமதியும் காப்பீடும் வாங்க அலைய வேண்டியிருக்கலாம். விறகு எரியும்போது வரக்கூடிய, மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் கட்டாயம் வேண்டும். அந்த வீட்டில் படுக்கையறை வாசலில் மாட்டியிருந்தார்கள்.

அப்புறம் விறகு. ஈர விறகு போட்டால் இத்தனை வடிவமைப்பும் வீண். அவர்கள் வெட்டிய கிளைகளைக் கோடை முழுக்கக் கொட்டகையில் காயவைத்துத்தான் எடுக்கிறார்கள்.