போயர் போரும் போர்ச்சுகலும்: ஒரு விடைத்தாள் கற்றுத்தந்தது

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப்பாடமாகத் தமிழ்வழியில் படித்தபோது, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனும் போயர்கள் எனப்படும் டச்சு வழிவந்த குடியேறிகளும் மோதிய போயர் போரைத் தங்கம், க்ரூகர் (போயர் தலைவர்), ரோட்ஸ் (பிரிட்டிஷ் சுரங்க அதிபர், அரசியல்வாதி) என்ற மூன்று சொற்களோடு முடித்துக்கொண்டேன். மாதிரித் தேர்வு ஒன்றில் அப்போரில் போர்ச்சுகலின் நிலையை ஆராயச் சொன்னார்கள். "போர்ச்சுகல் நடுநிலைமையை அறிவித்தது" என்று தொடங்கிப் பக்கத்தை நிரப்பினேன். பதினைந்துக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையால் "அறிவித்ததா?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்தக் கேள்விதான் என்னை வரைபடத்தின் முன் உட்கார வைத்தது. போயர்களின் குடியரசான டிரான்ஸ்வாலுக்குக் கடற்கரை கிடையாது. பிரிட்டிஷ் மண்ணைத் தொடாமல் அதன் தலைநகர் பிரிட்டோரியாவிலிருந்து கடலை அடையும் ஒரே ரயில்பாதை, போர்ச்சுகீசியர் வசமிருந்த டெலகோவா விரிகுடாவில், இன்று மபூட்டோ எனப்படும் லோரென்சோ மார்க்கஸில் முடிந்தது. பென்சிலால் அந்தக் கோட்டை வரைந்ததும் போர்ச்சுகல் அரசின் சங்கடம் விளங்கியது. டிரான்ஸ்வாலுடன் 1875இல் செய்த ஒப்பந்தப்படி சரக்குகளுக்கு வழிவிட வேண்டும்; 1890இல் இறுதி எச்சரிக்கை விடுத்துப் பணியவைத்த பிரிட்டனோ ஆயுதங்களைத் தடுக்கச் சொன்னது. போதாக்குறைக்கு, கடனில் தவித்த போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களைப் பங்கிட்டுக்கொள்வது குறித்து பிரிட்டனும் ஜெர்மனியும் 1898 ஆகஸ்டிலேயே இரகசிய உடன்பாடு செய்திருந்தன.

போர் 1899 அக்டோபர் 11 அன்று மூண்டது. 14ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் சால்ஸ்பரியும் போர்ச்சுகீசியத் தூதர் சோவரலும் ஓர் இரகசிய அறிக்கையில் கையெழுத்திட்டனர். டிரான்ஸ்வாலுக்கு ஆயுதம் செல்ல விடுவதில்லை, நடுநிலைமையை அறிவிப்பதுமில்லை என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது. பிரிட்டன் 1642, 1661ஆம் ஆண்டு உடன்படிக்கைகளை மீண்டும் உறுதிசெய்து, அதன் குடியேற்றங்களைக் காப்பதாக 1661இல் தந்த வாக்கைப் புதுப்பித்தது. நடுநிலைமையை அறிவித்திருந்தால் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அத்துறைமுகத்தில் தாராளமாக நிலக்கரி ஏற்றிக்கொள்ள இயலாது. நான் எழுதிய முதல் வரி எவ்வளவு தவறானது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே இப்பகுதியைப் படிப்பவர்கள் போரிட்டவர்களோடு நிறுத்திவிடாமல், துறைமுகம் யாருடையது, ரயில் யார் எல்லையைக் கடக்கிறது என்று முதலில் பாருங்கள். 1898 உடன்பாட்டையும் 1899 அறிக்கையையும் அருகருகே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பங்கிடப் பேசிய அதே சால்ஸ்பரி அரசு, பதினான்கு மாதங்களுக்குள் காப்பதாக ஏன் கையெழுத்திட்டது என்பதற்கே விடையின் பாதியை ஒதுக்கலாம். இரண்டாம் முறை நான் அப்படித்தான் எழுதினேன்.