மீட்பு என்று எழுதலாமா?

மொழிபெயர்ப்பு வேலையில் என்னை ரொம்ப நாள் படுத்திய சொல் 'நில மீட்பு'. கடலில் மண் கொட்டி நிலமாக்குவதற்கு அப்படிப் பெயர்.

2016இல் சிங்கப்பூரின் கில்மன் பேரக்ஸ் கலை வளாகத்தில் ஓவியச் சிற்பக் கலைஞர் சார்ல்ஸ் லிமின் 'சீ ஸ்டேட்' கண்காட்சி நடந்தது. முந்தைய ஆண்டு வெனிஸ் பினாலே கலைவிழாவில் சிங்கப்பூர் சார்பில் இடம்பெற்ற படைப்பு அது. லிம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். அதனாலோ என்னவோ, நாட்டைக் கடலில் நின்று பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர்களை அங்கே கூட்டிப்போக ஒரு தன்னார்வக் குழு ஏற்பாடு செய்தது. அவர்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுவது என் வேலை.

மீட்பது என்றால் நம்மிடமிருந்து போனதைத் திரும்ப வாங்குவது. நகையை மீட்கலாம், அடகு வைத்த வயலை மீட்கலாம். கடலிடம் நாம் எப்போது அடகு வைத்தோம்? 1960களில் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கொட்டிய மணலில் பெரும்பகுதி அக்கம்பக்கத்து நாடுகளுடையது. மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2007இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. 'கடலைத் தூர்த்து நிலமாக்கியது' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் 'நில மீட்பு' என்றே இருந்தது. பத்திரிகையில் அப்படித்தானே போடுகிறார்கள் என்றார்கள். சரி, விட்டுவிட்டேன்.

கூடத்தில் கொட்டலசு (கப்பலடியில் ஒட்டும் ஓட்டு உயிர்) அப்பிய பெரிய மிதவை ஒன்று இருந்தது. தெக்கோங் தீவின் பக்கத்தில் இருந்த, மண் கொட்டியதில் காணாமல் போன புலாவ் சாஜஹாட் என்ற குட்டித்தீவின் பெயர் அதற்கு. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெக்கோங்கில் மண்வேலை பார்த்தவராம்.

"மீட்புன்னு போட்டிருக்கே, என்னம்மா இது?"

"கடல்ல மண்ணு கொட்டுறதுதான், அண்ணே."

"தூர்க்கிறதுன்னு சொல்லு."

ஊரில் பங்காளியோடு வரப்புத் தகராறாம். ஒரு முழம் நிலம், ஆறு வருஷமாக வழக்கு, சர்வேயர் நட்ட கல்லை ராத்திரியில் யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு மிதவையைப் பார்த்தார்.

"இந்தத் தீவு யார் பேர்ல இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். நான்தான் எழுதினேன் என்பது மறந்து. அவர் அதற்குள் போனை என் கையில் கொடுத்துவிட்டு மிதவையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.