அப்பாவின் கால் எரிச்சல்

மார்ச் 3, திங்கள்
அப்பா கூடத்திலிருந்து வாசல்வரை நடந்து வந்தார், வலது கால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடக்கிறது, கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. "மரத்துப் போச்சும்மா, ரெண்டு மாசமாவே இப்படித்தான்" என்கிறார். ராத்திரியில் பாதம் திகுதிகுவென்று எரிகிறதாம். பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, நடுக்கமும் விறைப்பும் எங்களுக்குப் பழகிவிட்டன. எரிச்சல் புதிது.

மார்ச் 5, புதன்
சர்க்கரை இல்லை என்றதும் நரம்பியல் டாக்டர் ரத்தத்தில் பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்களையும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவையும் பார்க்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன், சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தே காட்டினார். பார்க்கின்சனுக்கு அப்பா எடுக்கும் மாத்திரையில் இருப்பது லெவோடோபா. அதில் ஒரு பங்கை காம்ட் என்ற நொதி உடம்புக்குள் மாற்றிவிடுகிறது, அதற்கு மெத்தில் என்ற சின்னத் துணுக்கு வேண்டும், அந்தத் துணுக்கைக் கொடுத்த பொருள்தான் கடைசியில் ஹோமோசிஸ்டீனாக ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததைக் குறைக்க பி12, ஃபோலேட், பி6 மூன்றும் தேவை, பி12 குறைந்தால் நரம்பு கெட்டுக் கால் எரியலாம், மரத்தும் போகலாம். அதே மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா என்ற மருந்து பி6-ஐப் பிடித்துக்கொள்ளும். எல்லாருக்கும் இப்படி ஏறாது. ஆனால் அப்பா ஒன்பது வருடமாக எடுக்கிறார், இப்போது தினம் ஐந்து வேளை.

மார்ச் 6, வியாழன்
ரத்தம் எடுக்க வந்த தம்பி ஐஸ் பெட்டி கொண்டுவந்தார். குழாயைச் சும்மா வெளியில் வைத்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து அளவு பொய்யாகக் கூடிவிடுமாம்.

மார்ச் 8, சனி
பி12 158, குறைவு. ஹோமோசிஸ்டீன் 34, அது 15-க்குள் இருக்க வேண்டும். ஃபோலேட் சரி.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். நாங்கள் சைவம். புரதம் மாத்திரையை உடம்பில் ஏறவிடாது என்று கேள்விப்பட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்தியது நான்தான். நேரம் தள்ளிக் கொடுத்தாலே போதுமாக இருந்திருக்கும். எங்கள் சாப்பாட்டில் பி12 வருகிற வழியே அந்தப் பாலும் தயிரும்தானே.

மார்ச் 10, திங்கள்
பி12 ஊசி ஆரம்பம். "அந்த மாத்திரையையே நிறுத்திடலாமே" என்றார் அத்தை. கூடவே கூடாது, திடீரென்று நிறுத்தினால் காய்ச்சலும் கடும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பி6-ஐயும் நாமாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது, அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் யாராவது கால் எரிகிறது என்று சொன்னால் பார்க்கின்சன்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் இந்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள்.

ஏப்ரல் 26, சனி
ஹோமோசிஸ்டீன் 16. எரிச்சல் குறைந்து அப்பா ராத்திரி தூங்குகிறார். மரத்தது இன்னும் அப்படியே இருக்கிறது, சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

மத்தியானம் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். "புளிக்கவே இல்லையேம்மா" என்று இன்னொரு கரண்டி கேட்டார்.