பவுன் காசை உரசவிடாதீர்கள்

கும்பகோணத்தில் ஒரு நகைக்கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அப்பாயி வைத்துவிட்டுப் போன பவுன் காசுகளுக்கு, அதாவது பிரிட்டிஷ் காலத்துத் தங்கச் சவரன்களுக்கு, விலை விசாரிக்கத்தான் நானும் அத்தையும் போயிருந்தோம். "தரம் பாத்துடுறேன் இருங்க" என்ற கடைக்காரர், நாங்கள் வாய் திறப்பதற்குள் ஒரு விக்டோரியா காசின் விளிம்பை உரைகல்லில் இழுத்துவிட்டார். முக்காடு போட்ட ராணித் தலை, 1893 முதல் வந்தது. வரிவரியாக இருந்த விளிம்பில் ஓர் இடம் மழுங்கிவிட்டது. "ஒரு குண்டுமணிகூடக் குறையலம்மா" என்று அத்தையிடம் தராசைக் காட்டினார். எடை குறையவில்லைதான். ஆனால் சேகரிப்பவர்கள் கண்ணில் அது அடிபட்ட காசு.

உரசாமலே பார்க்க வழி இருக்கிறது. உரசாமலே தங்கத்தின் தரம் காட்டும் காரட் மீட்டர் உள்ள கடையென்றால் அதில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் முழுக்க முங்கவிடுங்கள். முழுப் பவுன் 7.98 கிராம், 22 காரட். தராசு 0.45 கிராமை ஒட்டிக் காட்டினால் தங்கம் சரி. ஆனால் சரியான தங்கத்திலேயே போலிக் காசு அடித்தவர்களும் உண்டு. எழுத்து மழுங்கலாக, விளிம்பைச் சுற்றியுள்ள பல்லெல்லாம் கோணலாக இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

"உருக்கி ஆளுக்கு ரெண்டு வளையல் பண்ணிக்குவோம்டா" என்றார் அத்தை. கெஞ்சித் தவணை வாங்கினேன். காசுமாலையில் இருந்தவற்றை மீட்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் பத்தர் பொடி (பற்றவைக்கும் கலப்பு உலோகம்) வைத்து ஊதிக் கொக்கி பற்றவைத்திருந்தார். கொக்கியை எடுத்தாலும் தழும்பு லென்ஸில் தெரிந்துவிடும், அதனால் வெறும் தங்க விலைதான். அதிலும் மொத்த எடைக்கும் பொடிக்கழிவு போட்டார்கள். விடவில்லை. கொக்கிகளைத் தனியாக வெட்டி எடுத்து, காசைத் தனியாக நிறுக்க வைத்தேன். கழிவு நன்றாகவே குறைந்தது.

மஞ்சள் துணியில் முடிந்திருந்த உதிரிக் காசுகள்தான் எங்கள் அதிர்ஷ்டம். அதில் ஒரு ஐந்தாம் ஜார்ஜ், 1918. பின்பக்கம் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் பொடியாக ஆங்கில 'ஐ' (I) எழுத்து, பம்பாயில் அடித்ததற்கு அடையாளம். பம்பாயில் சவரன் அடித்தது அந்த ஒரு வருடக் காசுதான், சுமார் 13 லட்சம். கிடைக்காத காசு என்று சொல்ல முடியாது. அதனால்தான் நிலைமை பார்த்து விலை வைக்கிறார்கள். ஓட்டை போட்டது, கொக்கி மாட்டக் காது வைத்தது, பாலிஷ் போட்டது என்றால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

இதை அத்தையிடம் சொல்ல ஓடினால், அவர் மற்ற உதிரிக் காசுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு பழைய டூத்பிரஷ்ஷைத் தேடிக்கொண்டிருந்தார். பிரஷ் படுமுன் எடுத்துவிட்டேன். நகைக்குச் சரி, பழைய காசுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. தேய்த்த காசில் மயிரிழைக் கீறல்கள் விழுந்து, விளக்கில் சாய்த்ததும் ஒரு பொய்ப் பளபளப்பு தெரியும். குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமென்றால் சுத்த அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தால் போதும். துடைக்கவும் வேண்டாம், ஒற்றி எடுங்கள்.

வங்கியில் கேட்கலாம் என்று போய் ஒரு நாள் வீணானது. விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பதைச் சொல்ல மதியம் வரை உட்கார வைத்தார்கள்.

கடைசியில் சென்னையில் ஒரு நாணய வியாபாரி. அவர் காசைப் பிடித்த விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கீழே மெத்தென்ற துணி, விரல் விளிம்பில் மட்டும். ராஜாவின் புருவம், மீசை, பின்பக்கம் குதிரையின் மார்பு என்று தேய்மானம் முதலில் விழும் மேடுகளை மட்டும் பார்த்தார். 1918-க்குத் தங்க விலைக்கு மேல் நல்ல தொகை. கடைக்காரர் உரசிய ராணிக்கு உருக்கும் விலை, ஒரு ரூபாய்கூட மேலே இல்லை. அத்தைக்கு அங்கேதான் கண் கலங்கியது.

துபாயில் இருக்கும் தம்பி "இங்க அனுப்புங்க, அதிகம் தருவாங்க" என்றான். வேண்டவே வேண்டாம். நூறு வருடம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. குடும்பச் சொத்துதான் என்று வியாபாரி எழுதியும் வாங்கிக்கொண்டார், ஏனென்றால் வயலில் தோண்டக் கிடைத்ததென்றால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பான் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. எங்களுக்கு அத்தை கணக்கிலும் என் கணக்கிலும் பாதிப் பாதியாக அன்று சாயங்காலமே ஏறிவிட்டது.