ஆள் வேண்டாம், பதிவேட்டை எடுத்துக்கோங்க

"நல்ல யோசனைதான் டீச்சர். ஆனா அதை யாரும் சோதிச்சுப் பார்க்கல. கூடுதல் பணியாளர் விஷயத்துக்குத்தான் ஆதாரம் இருக்கு."

மாவட்டக் கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். இதில் பொய் எதுவும் இல்லை. மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அங்கன்வாடி டீச்சர் வாயே திறக்கவில்லை. அதிகாரி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த அரை நிமிடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் கொண்டுபோன குறிப்பு எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களில் செய்த ஆய்வு. முழுக் கட்டுரையாக 2024இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் பாதி மையங்களைத் தேர்ந்தெடுத்து, முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். சொல்லிக் கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துப் பார்த்தால், மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29 திட்ட விலக்கமும் மொழியில் 0.46 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு) கூடியிருந்தது. அதோடு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைகளும் அந்த மையங்களில் குறைவாக இருந்தார்கள். படிப்பும் உடம்பும் ஒரே ஏற்பாட்டில் சேர்ந்து முன்னேறுவதை அடிக்கடி பார்க்க முடியாது.

இன்னொன்று, இது நம் ஊரில் நடந்தது. வழக்கமாக நாங்கள் ஜமைக்கா கதையைச் சொல்வோம். கிங்ஸ்டனில் 1980களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்மார்களுக்குக் காட்டினார்கள். இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, "சரி, அது ஜமைக்கா, இங்க?" என்பார்கள். இந்த முறை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தத் தெம்போடுதான் போயிருந்தேன்.

அதிகாரி குறிப்பைப் படித்துவிட்டு, கூட்டத்துக்கு வந்திருந்த பணியாளர்களைப் பார்த்து, கூட ஒரு ஆள் கொடுத்தால் உதவியாக இருக்குமா என்று கேட்டார். கேட்டதே பெரிய விஷயம். பல கூட்டங்களில் அவர்களைச் சுவரோரம் உட்கார வைப்பதோடு சரி. அனுபவத்தில் மூத்தவரான அந்த டீச்சர் எழுந்தார்.

"எனக்கு ஆள் வேண்டாம் மேடம். இருக்கிற பதிவேட்டுல பாதியை எடுத்துக்கோங்க. போன்ல ஏத்துனதையே மறுபடி நோட்டுல எழுதச் சொல்லாதீங்க. பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்துக்கிறேன். அதுக்குத்தானே வேலைக்கு வந்தேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன்.

அவருடைய மையத்துக்கு முன்பே போயிருக்கிறேன், எடை எடுக்கும் நாளில். ஒரு பையன் தராசில் நிற்க மாட்டேன் என்று அழுகிறான். ஆயா அவனைச் சமாதானப்படுத்தி நிறுத்த, டீச்சர் எண்ணைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார், அப்புறம் போனை எடுத்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னலுக்காக வாசற்படிக்குப் போய்க் கையை உயர்த்திப் பிடிக்கிறார். உள்ளே அதுவரை பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றுவிட்டது. மற்ற பிள்ளைகள் எழுந்து ஓட, ஒரு பெண் குழந்தை மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே பாட்டுக்கான கை அசைவுகளைத் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். டீச்சர் திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு வரி போவதற்குள் கலவை சாதம் வந்துவிட்டது.

ஆக, அவர் எதைப் பற்றிப் பேசினார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்?

என் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை இன்றும் விடவில்லை. கூடுதல் பணியாளர் என்றால் பணியிடம், சம்பளம், நிதித்துறை ஒப்புதல் எல்லாம் வேண்டும். பதிவேட்டைக் குறைப்பதற்குக் காசு வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் செலவில்லாததைத்தான் எடுப்பார்கள். சுற்றறிக்கை போகும், கோப்பு முடியும், மையத்தில் எதுவும் மாறாது. 2021இல் இந்தச் செயலி வந்தபோதே இனி காகித வேலை குறையும் என்ற பேச்சு இருந்தது. பல மையங்களில் இன்றைக்கும் போனிலும் ஏற்றுகிறார்கள், நோட்டிலும் எழுதுகிறார்கள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த ஒரே வாய்ப்பை நடக்காத ஒன்றுக்காகக் கரைக்கக் கூடாது என்று நினைப்பதில் தவறில்லை. அந்த நொடியில் இவ்வளவும் யோசித்துத்தான் பேசினேனா என்றால், அதை உறுதியாகச் சொல்ல முடியாது. திரும்பி வரும் பேருந்தில் யோசித்ததாகவும் இருக்கலாம்.

இன்னொரு நியாயமும் உண்டு. பதிவேட்டைக் குறைத்து ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தினால் அது பிள்ளைகளுக்கே போகும் என்று யார் சொன்னது? அங்கன்வாடிப் பணியாளருக்கு மிச்சமாகும் நேரத்துக்கு வெளியே வரிசை நிற்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, கணக்கெடுப்பு, போலியோ முகாம், யாராவது மேலிடத்திலிருந்து வந்தால் கூட்டம் சேர்ப்பது. பிள்ளைகளுக்கு என்றே போட்ட ஆளை அவ்வளவு சுலபமாக இழுத்துக்கொண்டு போக முடியாது. டீச்சரின் மனசை நான் சந்தேகப்படவில்லை. அவருடைய நேரம் அவர் கையில் இல்லை என்பதுதான் என் கவலை.

இப்படியெல்லாம் சொல்லிச் சமாதானம் ஆன பிறகும் ஒன்று நெருடுகிறது. அந்த ஆய்வைக் கவனமாகப் படித்தால், அது டீச்சருக்கு எதிரி இல்லை. புதிய ஆள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கும் எழுத்து வேலைக்கும் நேரம் கிடைத்தது. கடைசியில் பலன் தந்தது நேரம்தான். "டீச்சர் சொல்றதும் இந்த ஆய்வு சொல்றதும் ஒண்ணுதான் மேடம், நேரம் பத்தலை" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். உண்மையான இரண்டு வாக்கியங்களில் ஏன் அந்த வாக்கியம் முதலில் வாய்க்கு வரவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

"ஆதாரம் இருக்கு" என்ற சொல்லையும் நான் அவ்வளவு திடமாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. கென்யாவில் பள்ளிகளுக்கு ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். தொண்டு நிறுவனம் அந்தத் திட்டத்தை நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது. அதே திட்டத்தை அரசு நடத்திய இடங்களில் ஒரு பலனும் தெரியவில்லை. அதாவது கூடுதல் ஆள் என்பது மட்டும் மருந்து இல்லை. யார் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் மாதா மாதம் போகிறதா, வேலையை யார் மேற்பார்க்கிறார்கள் எல்லாமே அதற்குள் அடங்கும். இந்தக் கென்யா விஷயம் எனக்கு அன்றே தெரியும். கூட்டத்தில் அது பேச்சுக்கே வரவில்லை. டீச்சரின் யோசனையிடம் கேட்ட கேள்வி எங்கள் யோசனையிடம் கேட்கப்படவில்லை.

அதற்காக, அனுபவசாலி சொன்னால் போதும், சோதனை எதற்கு என்ற கட்சிக்கும் நான் போக மாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளை வைத்து வைட்டமின் ஏ, குடற்புழு மாத்திரை இரண்டையும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு நன்றாகக் குறையும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2013இல் முடிவு வந்தபோது, நம்பிய அளவுக்குக் குறையவில்லை. நியாயமாகத் தோன்றுவது எல்லாம் பலிப்பதில்லை. குழந்தைகள் விஷயத்தில் பணமும் நேரமும் எங்கே போகிறது என்று அளந்து பார்ப்பது ஒரு கடமை என்றே நினைக்கிறேன். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

ஆனால் அரசாங்கம் எப்போதும் அளந்துவிட்டா இறங்குகிறது? எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது யாரும் குலுக்கல் போட்டுப் பாதி ஊருக்கு மட்டும் சோறு போட்டுப் பார்க்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் முதலில் திட்டம், அளவீடு அதன் கூடவே வந்தது. பிள்ளைகள் இழந்த படிப்பில் பெரும்பகுதி அடுத்த சில மாதங்களில் திரும்பியது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் என்று ஆய்வு சொன்னது. பெரிய முடிவுகள் ஆதாரத்துக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்கச் சொன்னது சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பணியாளரிடம், சொன்னது நான்.

சரி, அவருடைய யோசனையையே சோதித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பாதி மையங்களில் பதிவேட்டைக் குறைப்பது, பாதியில் அப்படியே விடுவது, ஒன்றரை வருடம் கழித்துப் பிள்ளைகளைப் பார்ப்பது. ஆய்வுத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் யோசனையை ஒதுக்கவில்லை, யாரிடம் அனுமதி வாங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார். செயலி மத்திய அரசுடையது. சில பதிவேடுகள் மாநிலத் துறையுடையவை. தடுப்பூசி, கர்ப்பிணிகள் விவரம் சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும். தணிக்கைக்கு இருப்புப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் மேலே ஒரு மேசை இருக்கிறது. கூட ஒரு ஆளைப் போட ஒரு துறையின் சம்மதமும் பணமும் போதும். ஒரு நோட்டை எடுப்பதற்கு, "இது எனக்குத் தேவையில்லை" என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போடுகிறவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது, நான் பெருமையாக எடுத்துக்கொண்டு போகும் ஆதாரக் குவியலே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. நான் படித்தவரையில், சேர்ப்பதைப் பற்றிய ஆய்வுகள்தான் எங்கும் கண்ணில் படுகின்றன. மாத்திரை சேர்ப்பது, முட்டை சேர்ப்பது, ஆள் சேர்ப்பது, பயிற்சி சேர்ப்பது. ஒரு வேலையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஆய்வு குறைவு. அந்தக் கேள்வி முக்கியமில்லாமல் இல்லை. கேட்கக்கூடியவர்கள் கையில் அனுமதி இல்லை. டீச்சர் எழுந்து நின்று கேட்டது அந்த ரகக் கேள்வி. அதற்கு ஆதாரம் இல்லை என்று நான் சொன்னதும் சரிதான். ஆதாரம் உருவாகவே வழியில்லாத இடத்திலிருந்து அவர் பேசினார் என்பதும் சரிதான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கூடுதல் பணியாளருக்காக இப்போதும் வாதாடுகிறேன். அடுத்த கூட்டத்துக்குத் தயாராகும் குறிப்பிலும் முதல் பரிந்துரை அதுதான். பதிவேட்டுச் சுமையை இரண்டாவதாக, டீச்சரின் பெயர் இல்லாமல், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றிப் போடுங்கள், முதலில் பதிவேட்டைச் சொன்னால்தான் ஆள் விஷயத்தைக் கேட்பார்கள் என்று கூட வேலை பார்க்கும் தோழி வற்புறுத்துகிறார். மாற்றினால் இரண்டாவதை யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறேன் நான். குறிப்பு இன்னும் போகவில்லை.